எக்ஸில் தொடங்கும் துறைமுகம்

வங்கி காகிதத்தைத் திருப்பிவிட்டது.
கருங்கல் பாளம் இருபத்தாறு
தூத்துக்குடியில் கப்பலேறிப் போன பிறகு
ஓர் எழுத்துக்காகப் பணம் நிற்கிறது.
ஈ உட்கார வேண்டிய இடத்தில்
ஏ உட்கார்ந்துவிட்டது.
தட்டியது என் விரல்தான்.

"எக்ஸ்ல ஆரம்பிக்கிற ஊரு, உருப்படுமா?"
என்றார் மேனேஜர் சொக்கையா.
ஆறு வருசமாக ஆபீசில் எல்லோருக்கும்
அது எக்ஸ்-யாமன்.
எக்ஸ்ரேக்கு அப்புறம்
எங்கள் வாய்க்குக் கிடைத்த இரண்டாவது எக்ஸ்.

அந்த வாரம்தான் லின் வந்திருந்தார்,
அடுத்த லோடுக்குக் கல் பார்க்க.
பார்ப்பதென்றால்
வாளித் தண்ணீரைப் பாளத்தின் மேல் வீசிவிட்டுச்
சும்மா நிற்பார்.
மேலூர் வெயிலில் கல் காயும்.
விரிசல் இருந்தால் அது மட்டும்
கடைசிவரை ஈரக்கோடாக நிற்கும்.
சிவப்புப் பெயின்டில் பெருக்கல் குறி போடுவார்.
அதுவும் எக்ஸ்தான்.

அவரிடம் பாதி இங்கிலீஷ். மீதி என்னிடம்.
"நாக்கைக் கீழ்ப்பல்லுக்குக் கொடு,
சிரிக்கப் போகிற மாதிரி உதட்டை இழு."
ஷியாவும் இல்லை, சியாவும் இல்லை,
நடுவில் ஒரு காற்று வந்தது.
"இதுவும் பீஜிங்கில் முடிவான ஓசை.
என் அம்மாவுக்கு அது ஏமுங்.
பக்கத்துச் சீமைக்காரன் ஏமுய் என்பான்.
வெள்ளைக்காரன் காதில் அவன்தான் விழுந்திருக்கிறான்,
ஆமோய் என்று எழுதிவிட்டுப் போனான்."

கையிலிருந்த கப்பல் பில்லைப் பார்த்தேன்.
ஏற்றும் துறைமுகம் என்ற கட்டத்தில்
டூட்டிகோரின்.

அர்த்தம் கேட்டேன்.
கழித்துப்போட்ட கல்லின் மேல்
அதே பிரஷ்ஷால் இரண்டு கதவு வரைந்தார்.
பக்கத்தில், கூரைக்குக் கீழே நெரிசலாக ஏதோ.
மாளிகை வாசல்.
பிறகு கூரையை அடித்துவிட்டு
மூன்றே கோடு இழுத்தார்.
"முதலில் இதுதான். கீழ் வாசல்.
எழுத்து ஏழையாகத் தெரிகிறதென்று
அதே ஓசையில் ஒரு மாளிகை வாங்கி மாட்டிக்கொண்டார்கள்."

கீழ் வாசலா?
எனக்கு வீடே அங்கேதான்.

"எங்களுக்குக் கீழ் என்றால் கிழக்கும்" என்றேன்.
"வாசல் பெரிதா?"
"வாசல் இல்லை. கோட்டையை இடித்தாயிற்று,
அகழியைத் தூர்த்து வீதி போட்டாயிற்று.
இப்போது அங்கே பஸ்தான் நிற்கும்."

எழுதிக் காட்டச் சொன்னார்.
ழகரத்துக்கு வழக்கம்போல்
இசட்டும் எச்சும் போட்டேன்.
கிஜவாசல் என்று வாசித்தார்.

அவர் ஊரில் அந்த இரண்டும் சேர்ந்தால்
ஜவுக்குப் பக்கத்து வீடாம்.
அப்படியானால் இத்தனை வருசம்
எத்தனை இன்வாய்ஸில்
குவாங்ஜோவைக் குவாங்ழூ என்று
வாய்நிறைய ழகரத்தோடு படித்திருக்கிறேன்!
சொன்னேன்.
அவர் சிரித்த சிரிப்பில் வாளி சாய்ந்து
கால் நனைந்தது இருவருக்கும்.
பிறத்தியார் எழுத்து இருபத்தாறு.
ஒரே அறையை இரண்டு பேருக்கு
வாடகைக்கு விட்டிருக்கிறது,
ஒருவருக்கொருவர் தெரியாமல்.

சாயங்காலம் புதுக் காகிதம் அடித்தேன்.
திருத்தக் கட்டணம் நாலாயிரத்து இருநூறு,
பாதி என் சம்பளத்தில்.
ஏயை எழுப்பிவிட்டு ஈயை உட்காரவைத்தேன்.
ஆறு எழுத்தையும் மூன்று தடவை
விரல்விட்டு எண்ணினேன்.

மாட்டுத்தாவணியில் டவுன் பஸ்.
ஜன்னலோரம்.
கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது,
எந்த ஊர்க்காரனுக்கும் வராத எழுத்தை
வீட்டு முகவரியில் வைத்திருப்பது.
நாக்கை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.
முனிச்சாலை தாண்டியதும்
படியில் தொங்கிய கண்டக்டர்
தகரத்தைத் தட்டினார்:
"கீலாசல், கீலாசல்லாம் எறங்கு!"

ஒரு ழவும் இல்லை.
இறங்கினேன்.